இரண்டு ஆள் ஆழம்

கோட்டின் நடுப் பொத்தான் மட்டும் மசியவில்லை. இன்பராணி கணவரின் வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் மூன்றாவது தடவையாக முயன்றாள். மகன் ஜோபின் கல்யாணத்துக்கென்று கரோல் பாக்கில் தைத்த கோட்டு அது. அதற்குப் பிறகு சத்தியசீலன் வளர்ந்துவிட்டார், கோட்டு வளரவில்லை.

“விட்டுடு இன்பா. திறந்தே இருக்கட்டும். யார் பாக்கப் போறா?” என்றாள் எதிர் வீட்டு வைதேஹி. அவள் கையில் சீப்புடன் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

“ஊரே பாக்கும். கோட்டு திறந்து கிடந்தா இவியளே எழும்பி உக்காந்து பொத்தானப் போடுவாவ. கொஞ்சம் அந்தத் தோளப் பிடி, புரட்டுவோம்.”

அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு இதெல்லாம் கை வந்த வேலை. உடம்பை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கத்தரிக்கோலால் கோட்டின் முதுகுத் தையலைக் கழுத்திலிருந்து கீழ்வரை நேராகக் கிழித்தாள். மறுபடி மல்லாத்தியபோது பொத்தான் தானாகவே போய் உட்கார்ந்தது. முன்பக்கம் பார்த்தால் ஒரு சுருக்கம் இல்லை.

“இப்ப நல்லா மூச்சு விட்டுக்கிடுங்க” என்று அவர் நெஞ்சைத் தட்டினாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வைதேஹிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள், அப்புறம் சேர்ந்து அழுதார்கள்.

முந்தின நாள் சாயந்திரம் சத்தியசீலன் வழக்கம்போலப் பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு வந்தார். பூங்காக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்ற நாற்காலியில் உட்கார்ந்தார். கழற்றவில்லை. அவ்வளவுதான். ஒரு நாள் படுக்கையில் கிடக்கவில்லை, ஒருவரையும் அலைக்கழிக்கவில்லை. கொடுத்து வைத்தவர் என்று காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இன்பராணிக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற கோபமும் இருந்தது.

பால்கனியிலிருந்து ஜோபினின் குரல் கேட்டது. விடிகாலை விமானத்தில் புனேயிலிருந்து வந்திருந்தான். பேரனைக் கூட்டிக்கொண்டு மருமகள் மரியா மறுநாள் வருவதாக ஏற்பாடு. போனில் சைமன் ஐயரிடம் பேசிக்கொண்டிருந்தான். இவர்களுடைய சொந்த ஊரான நாசரேத் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேரை நம்பி, கீழ் வீட்டுச் சோப்ரா விருந்துக்குக் கூப்பிடும்போதெல்லாம் சைமன் ஐயருக்குப் பனீர் மட்டுமே பரிமாறிவந்தார். ஐயரும் நாகரிகம் கருதி அதைத் திருத்தாமல், பக்கத்து இலைக் கோழியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வருவார்.

“குழி தோண்டுறவங்க கேக்குறாங்களா? அச்சா. ஒருத்தருக்கு போதும் ஐயர், நார்மல். அம்மா என்கூட புனே வர்றாங்க. ஆமா, பெர்மனெண்டா.”

இன்பராணியின் கை கத்தரிக்கோலோடு நின்றது.

அவளுக்கு அந்தக் கேள்வி தெரியும். டெல்லியில் இருப்பவர்களுக்கே இடம் இல்லை, இறந்தவர்களுக்கு எங்கே இருக்கும்? அதனால் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வழக்கம். புருஷன் பெண்டாட்டி என்றால் குழியை இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டி, முதலில் போகிறவரை அடியில் வைத்து, மேலே கல் பாவி மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். அடுத்தவர் வரும்போது கல் வரைக்கும் தோண்டினால் போதும். ஆனால் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒரு ஆள் குழி என்று மூடிவிட்டால் பிறகு அதைத் தொட விடமாட்டார்கள், பக்கத்திலும் இடம் கிடையாது.

‘எனக்கும் சேத்துத் தோண்டச் சொல்லுல’ என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாய் வரவில்லை. எப்படி வரும்? இந்த ஊரில் தன்னைப் புதைக்கக் கூடாது என்று கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவளேதான்.

லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அவள் ராணிபோல இருந்தவள். காலை வீட்டைவிட்டு வெளியே வைத்தால் தமிழ்ப் பள்ளிக்கூடம், பஸ், காய்கறிக் கடை. அங்கிருந்து அவளைப் பெயர்த்து சத்தியசீலன் துவாரகாவுக்குக் கொண்டுவந்தபோது, பஸ் கண்டக்டர்கள் இன்னும் அந்த இடத்தைப் பழைய பேரில் பாப்பன்கலான் என்றுதான் கூவிக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தில் செக்டர் செக்டராக, கட்டம் போட்டு, பூங்கா, பள்ளி, மார்க்கெட் எல்லாம் இருந்தது. வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் பார்த்தால் பொட்டல். ராத்திரியில் நரி ஊளையிட்டது. ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்புக்கு முதல் செயலாளர் என்ற உரிமையில் சத்தியசீலன்தான் பேர் வைத்தார்: தாமிரபரணி அபார்ட்மென்ட்ஸ். ஆற்றின் பேரை வாசலில் எழுதிப்போட்டுவிட்டு, ஒரு வாளித் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்றார்கள்.

“ஆத்துல குளிச்சு வளந்தவள இந்தக் காட்டுல கொண்டாந்து போட்டியளே! செத்தாலும் என்னை இங்க புதைச்சிராதீங்க” என்பாள் இன்பராணி. கிறிஸ்மஸ் விருந்தில் சொல்வாள், சொசைட்டிக் கூட்டத்தில் சொல்வாள், பால்கனியில் நின்று பொதுவாகவும் சொல்வாள். சத்தியசீலன் “பாப்போம், பாப்போம்” என்பதோடு சரி. பன்னிரண்டு வயது ஜோபின் மட்டும் லாரித் தண்ணீரை ஆறு மாடி சுமந்து வந்து, மூச்சிரைக்க அவள் முன்னால் நின்று, “நான் பெரியவனாகி உன்னை இங்கிருந்து கூட்டிட்டுப் போயிருவேன்மா” என்று சத்தியம் செய்தான். இன்று அந்தச் சத்தியத்தை நிறைவேற்ற வந்திருக்கிறான். நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டம்.

“அம்மா, எல்லாம் செட்டில் பண்ணிட்டேன்” என்று உள்ளே வந்தான். கண் வீங்கியிருந்தது. “நீ ஒண்ணும் யோசிக்காதே. மரியா உனக்கு ரூம் ரெடி பண்ணிட்டா. பால்கனி கூட இருக்கு.”

“பால்கனியில நின்னா என்ன தெரியும்?”

“மலை தெரியும்மா.”

மலையைப் பார்த்து யாரை ஏசுவது என்று இன்பராணிக்குத் தோன்றியது.

சவப்பெட்டி வந்ததும் அடுத்த சிக்கல். லிஃப்டுக்குள் பெட்டி நுழையவில்லை. குறுக்கே வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். லிஃப்ட் மாட்டிய அன்றைக்கே, “இதுல ஸ்ட்ரெச்சர் போவுமா? நாளைக்கு ஒரு ஆத்திர அவசரத்துக்கு என்ன செய்வியளோ?” என்று கேட்டவள் இன்பராணி. கட்டடம் எழும்பி முடிந்துவிட்டதால் அந்த ஒரு குறையை மட்டும் சத்தியசீலனால் தீர்க்க முடியவில்லை. ஆறு மாடியையும் அவர் தோள்களில் இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் அந்தந்த மாடிக்காரர்கள் வாசலில் தயாராக நின்று பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். ஐந்தில் மலையாளிகள், நாலில் வங்காளிகள், மூன்றில் ஹரியானாக்காரர் ஒருவர் தன் இரண்டு மருமகன்களோடு. ஒரு திருப்பத்தில் ஐந்து மொழிகளில் ‘பார்த்து, பார்த்து’ என்று ஒரே நேரத்தில் குரல் எழுந்தது. பின்னாலேயே இறங்கி வந்த இன்பராணி அந்த நேரத்திலும் மாடிப்படிச் சுவரில் கையை வைத்துத் தூசியைப் பார்த்தாள்.

கார்கள் நிற்கும் கீழ்த்தளத்தில் காரையெல்லாம் அப்புறப்படுத்தி நாற்காலி போட்டிருந்தான் ஆரிப். இப்போதைய செயலாளர் அவன். மேலப்பாளையத்துப் பிள்ளை, குர்கானில் கம்ப்யூட்டர் வேலை. வீடு பார்க்க வந்த அன்று கேட்டில் இன்பராணி வாட்ச்மேனைச் சுத்தத் திருநெல்வேலித் தமிழில் ஏசுவதைக் கேட்டு, உள்ளே போய்ப் பார்க்காமலே அட்வான்ஸ் கொடுத்தவன்.

சைமன் ஐயர் ஜெபம் செய்தார், பாட்டுப் பாடினார்கள். யாராவது இரண்டு வார்த்தை பேசுகிறீர்களா என்று ஐயர் கேட்டதும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்தது சோப்ரா. கார் நிறுத்தும் இடத்தை வைத்து சத்தியசீலனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் அவர்.

“எனக்கும் சத்யாஜிக்கும் சண்டை, அது எல்லாருக்கும் தெரியும்” என்று சோப்ரா இந்தியில் ஆரம்பித்தார். “அவர் இந்தக் காலனிக்கு எல்லாம் செய்தார் என்று காலையிலிருந்து சொல்கிறீர்கள். பொய். அவராக எதையும் செய்யவில்லை. பாபிஜி, இந்த அண்ணிதான், மேலே பால்கனியில் நின்று கத்துவார். எனக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கத்துவது தெரியும். மறுநாள் காலையில் சத்யாஜி பையைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு ஆபீஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பார். சண்டைக்கு முன்னால் நானே அவரைக் காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். ‘எதற்கு இவ்வளவு அலைகிறீர்கள்’ என்று கேட்டால், ‘வீட்டில் புகார் வந்திருக்கிறது’ என்பார். தெருவிளக்கு அப்படி வந்தது. பஸ் அப்படி வந்தது. தண்ணீர்க் குழாய் அப்படி வந்தது. இந்த சொசைட்டியைக் கட்டியது இரண்டு பேர். ஒருவர் கத்தினார், ஒருவர் நடந்தார்.”

சிரிப்பு எழுந்தது. சாவு வீட்டில் இவ்வளவு சிரிக்கலாமா என்று யோசித்து அடங்கி, மறுபடி எழுந்தது. இன்பராணி சிரிக்கவில்லை. தான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். ஏறவில்லை என்பதற்காகவே தினமும் புதிதாகச் சொன்னாள். எல்லாம் ஏறியிருக்கிறது. பாவி மனுஷன், ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னாரா? பெட்டிக்குள் பொத்தான் போட்டுப் படுத்திருந்தவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காலையில் அழுதது எல்லாம் முறைக்கு அழுதது, இதுதான் அழுகை.

வண்டியில் ஏறும்போது ஆரிப் கை கொடுத்தான். “புனேக்குப் போறியளாம்லா பெரியம்மா. இனிம எங்கள யாரு ஏச?” என்றான். இன்பராணி அவனை முறைத்தாள்.

வண்டிக்காரன் யமுனைக்கு அந்தப் பக்கத்து ஆள். செக்டர் எண்கள் வரிசையாக இருக்கும் என்று நம்பி வந்து, இரண்டு ரவுண்டானாவைச் சுற்றிவிட்டு விழித்தான். ஜோபின் போனை எடுத்து மேப்பைத் திறந்தான். அதற்குள் இன்பராணி பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, டிரைவரிடம் இந்தியில் வழி சொல்ல ஆரம்பித்தாள். இந்த சிக்னலில் திரும்பாதே, அங்கே தோண்டிப் போட்டிருக்கிறான். மெட்ரோ தூணை ஒட்டிப் போ. ஸ்கூல் விடும் நேரம், மார்க்கெட் பக்கம் எடுக்காதே. சொல்லச் சொல்ல ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாக வந்து போயின. அவள் ஏசி வந்த நடைபாதை, அவள் ஏசி நட்ட வேப்பமரங்கள், அவள் ஏசியும் இன்னும் ஒழுங்காகாத சாக்கடை.

“எல்லா ரோடும் ஞாபகம் வச்சிருக்கியே அம்மா” என்றான் ஜோபின்.

“பிடிக்காத இடந்தான் நல்லா ஞாபகம் இருக்கும்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொய் சொல்லும்போது மகன் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

கல்லறைத் தோட்டம் ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. மாசி மாத வெயில் இதமாக அடித்தது. குழிக்கு ஒரு பக்கம் மலையாளி நர்ஸ் ஒருத்தி, மறு பக்கம் நாகாலாந்துக்காரர் ஒருவர். இருவருக்கும் பளிங்குக் கல். நடுவில் புதிதாகத் தோண்டிய மண். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். சைமன் ஐயர் அங்கியைச் சரி செய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

இன்பராணி குழியின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். ஒரு ஆள் குழி. அளவெடுத்த மாதிரி ஒரே ஒரு ஆள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இதை மூடிவிட்டால், அவருக்கும் தனக்கும் நடுவே ஒரு நாட்டின் பாதி வந்துவிடும். இத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லை மாற்றுவது வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தோடு பேச அவளுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்.

“ஐயர்வாள், கொஞ்சம் நில்லுங்க!” குரல் பால்கனிக் குரலாகவே வந்தது. “இது என்ன குழி? யாரு தோண்டினது? வாய்க்கா தோண்டச் சொன்னா இதவிட ஆழமாத் தோண்டுவான். இதுல எப்படி ரெண்டு பேரு கிடக்க?”

வைதேஹி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா, ரெண்டு பேரா? நீதானே... இந்தக் காட்டுல வேணாம்னு நீதானே சொல்லுவே. சின்ன வயசுலேர்ந்து கேக்கிறேன்” என்றான் ஜோபின்.

“சொன்னேன். இல்லங்கல. காடுன்னு சொன்னேன். காடுன்னு சொன்னதுக்கு உங்க அப்பா என்னைய வேற ஊருக்கா கூட்டிட்டுப் போனாவ? காட்டச் சரி பண்ணினாவ.”

“நான் உனக்கு ப்ராமிஸ் பண்ணேன்மா.” நாற்பது வயதுக்காரனின் உதடு பன்னிரண்டு வயதுபோல நடுங்கியது.

இன்பராணி அவன் கன்னத்தைத் துடைத்தாள். “தெரியும் எய்யா. நீ சுமந்த தண்ணி எனக்கு மறக்குமா? வருஷத்துக்கு ஒரு மாசம் வாரேன். உன் ஊர்லயும் ஏசுததுக்கு ஏதாவது இருக்கும்லா. ஆனா படுக்கது இங்கதான். அவிய தலைக்கு மேல.”

யாரும் விளக்கம் கேட்கவில்லை. இன்பராணியிடமிருந்து புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தாமிரபரணிக்காரர்களுக்குப் பழகியிருந்தது. ஆரிப் குழி தோண்டுகிறவர்களிடம் ஓடினான். தமிழ் புரியாத சோப்ராவுக்குக் கத்தல் புரிந்தது. கோட்டைக் கழற்றி மலையாளி நர்ஸின் கல்மேல் வைத்துவிட்டு, ஒரு மண்வெட்டியை வாங்கி நாலு வெட்டு வெட்டினார். ஐந்தாவது வெட்டுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே கேட்டோரத்து டீக்கடையிலிருந்து யாரோ கெட்டிலோடு டீ கொண்டுவரச் செய்தார்கள். வைதேஹி பெட்டியின் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெயில் சத்தியசீலன் முகத்தில் படாதபடி அதன்மேல் தன் குடையைப் பிடித்துக்கொண்டாள். சைமன் ஐயர் தெரிந்த பாட்டெல்லாம் பாடி முடித்து, முதலில் பாடியதற்கே திரும்ப வந்தார். நடுவில் சோப்ரா அவரை நாளைக்குத் தம் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி அழைத்தார். ஐயர் வானத்தைப் பார்த்தார்.

தோண்டுகிறவர்களின் தோள் மறைந்தது, தலை மறைந்தது. பிறகு மண் மட்டும் உள்ளிருந்து மேலே வந்து விழுந்துகொண்டிருந்தது. “ஹோ கயா, மாதாஜி” என்று, வேலை முடிந்ததாக, உள்ளிருந்து குரல் வந்தது. இன்பராணி எழுந்து போய்ப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றாள். இரண்டாவது தடவை கேட்டபோதும் இன்னும் கொஞ்சம் என்றாள். மூன்றாவது தடவைதான் சரி என்றாள். ஈர மண் வாசனை மேலே வந்தது.

பெட்டியை மூடி இறக்கும்போது கயிறு தீர்ந்துவிட்டது. அன்றைக்குக் கொண்டுவந்திருந்த கயிறுகள் ஒரு ஆள் குழிக்கு அளவானவை. பெட்டி அந்தரத்தில் நின்றது. பிடித்திருந்த நாலு பேரும் முதலில் குனிந்தார்கள், பிறகு மண்டியிட்டார்கள், அப்படியும் எட்டவில்லை. ஜோபின்தான் முதலில் வெள்ளைச் சட்டையோடு குப்புறப் படுத்தான். அவனைப் பார்த்து ஆரிப் படுத்தான், சோப்ரா முனகிக்கொண்டே படுத்தார், எதிர்ப்பக்கம் குழி தோண்டியவரும் படுத்தார். நாலு பேரின் கைகளும் தலைகளும் குழிக்குள் தொங்கின. விளிம்பு மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. பின்னால் நின்றவர்கள் ஓடிவந்து மூன்று பேரின் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்பராணி தரையில் உட்கார்ந்து மகனின் இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டாள். “மெதுவா இறக்கு எய்யா. மெதுவா” என்றாள். கயிறு உராய்கிற சத்தம் கேட்டது. அடியில் பெட்டி மண்ணைத் தொட்டதும் அதுவும் நின்றது.

ஆரிப் எழுந்தான். சோப்ராவை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள், அவர் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார். ஜோபின் எழவில்லை. தலையை உள்ளே தொங்கவிட்டபடி கிடந்தான், முதுகு குலுங்கியது. யாரோ அவனைத் தூக்கப் போனார்கள். இன்பராணி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவன் கால்களை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.